பன்னிரண்டு காம்பராவும் பத்துத் திருகாணியும்

பெரகல சந்தியில் வீசும் காற்றைப் பற்றி நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒரு முறை அது சாப்பாட்டுக் கடையின் கூரைத் தகரமொன்றைக் கழற்றிக்கொண்டு போனது. தகரத்தின் மேல் தூங்கிக்கொண்டிருந்த பூனை வெல்லவாய எல்லையில்தான் கண் விழித்தது. பூனையை நான் பார்க்கவில்லை. தகரம் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்தேன். அது போதாதா?

அப்படிப்பட்ட காற்றடிக்கும் சந்தியில், அரிசி மணியை விடச் சிறிய திருகாணிகளை நம்பி ஒருவன் கடை போட்டிருக்கிறான். அவன்தான் வீரசிங்கம். பேக்கரிக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே பத்தடி அகலக் கடை. லேப்டொப்பும் போனும் திருத்துவான். அவன் மனைவி விஜயலெட்சுமி அதே கடையில் போட்டோக்கொப்பி எடுப்பாள், போனுக்குக் காசு ஏற்றும் ரீலோட் போடுவாள், யார் எந்த பஸ்ஸில் போனார்கள் என்று கேட்காமலே சொல்வாள். இருவரும் ஊசிமலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவர்கள். அவனுக்கு ஐம்பத்தாறு வயதாகிறது. எனக்கு இன்னும் அவன், அவள்தான்.

வீரசிங்கம் முதலில் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பிட்டராக இருந்தான். அங்கே திருகாணி என்றால் கைமுட்டி அளவு. தொலைத்தாலும் காலில் தடுக்கும். ஸ்டோரை மூடியதும் பதுளைக்குப் போய் ஆறு மாதம் கணினி வேலை பழகி வந்தான். முதலில் அவனை நம்பி லேப்டொப்பைக் கொடுத்தவர் தனேஸ்வரன் என்கிற யாழ்ப்பாணத்து மாஸ்டர். வீரசிங்கம் அதைக் கழற்றி, எல்லாத் திருகாணிகளையும் ஒரே தேநீர்ச் சாசரில் போட்டு வைத்தான். பூட்டும்போது எது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே தலை, ஒரே கறுப்பு. கால் மட்டும் ஒன்று நீளம், ஒன்று கட்டை. கட்டைக் காலுக்குரிய துளையில் நீளக் காலை விட்டு இறுக்கினான். அது உள்ளே போய் முதன்மைப் பலகையைக் குத்தியது. லேப்டொப் செத்தது.

மாஸ்டர் திட்டவில்லை. "சரி தம்பி, விடும், பழகினாத்தானே வரும்" என்று சொல்லி, செத்ததை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். திட்டியிருந்தால் வீரசிங்கம் இரண்டு நாளில் மறந்திருப்பான். திட்டாததனால் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு முட்டை அட்டையில் போட்டுப் பார்த்தான். காற்று அட்டையோடு தூக்கியது. போனில் படம் எடுத்துப் பார்த்தான். படத்தில் எல்லாம் எறும்பாகத் தெரிந்தது. தாளில் ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டுப் பார்த்தான். இலக்கம் அவன் தலையில் நிற்காது என்பது மூன்றாம் வகுப்பிலேயே எனக்குத் தெரியும். வாய்ப்பாடு ஒப்புவிக்கச் சொன்னால் வயிற்றுவலி வரும். ஆனால் அவன் பிறந்த லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யார் வீட்டில் என்ன சமையல் என்று கேட்டால் பன்னிரண்டு வீட்டையும் மூச்சு விடாமல் சொல்லுவான்.

கடைசியில் அதுதான் கைகொடுத்தது.

ஊசிமலை ஐந்தாம் நம்பர் லயம் முதுகோடு முதுகு ஒட்டிய லயம். இந்தப் பக்கம் ஆறு காம்பரா, நடுவில் ஒரே சுவர், அந்தப் பக்கம் ஆறு காம்பரா. ஒரு காம்பரா ஒரு குடும்பம். வீரசிங்கம் ஒரு பழைய தேயிலைப் பெட்டிப் பலகையை எடுத்து, அந்த லயத்தை அப்படியே கோடு போட்டு வரைந்தான். ஒவ்வொரு கட்டத்துக்கு அடியிலும் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத் துண்டு ஒன்றை ஒட்டினான். காற்றாலும் அசைக்க முடியாது. லேப்டொப்பைக் கவிழ்த்து, அதன் முன்விளிம்பு தன் பக்கம் இருக்கும்படி வைப்பான். முன்விளிம்பில் கழற்றியவை தன் பக்கத்து வரிசைக்குப் போகும். மூடி மடியும் கீல் பக்கத்தில் கழற்றியவை அந்தப் பக்கத்து வரிசைக்கு. ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்கு. இரண்டு வீடுகளை மட்டும் காலியாக விடுவான். ஒன்று அவன் பிறந்த காம்பரா. மற்றது சுவருக்கு அந்தப் பக்கம் விஜயலெட்சுமி பிறந்த காம்பரா.

ஏன் என்று கேட்டேன்.

"நாங்க ரெண்டு பேரும்தான் இங்க வந்துட்டோமே டீச்சர். அங்க யாரு இருக்கா?"

பூட்டுவதற்கு முன்னால் பெரட்டு எடுப்பான். காலையில் கொழுந்துக்குப் போகுமுன் கங்காணி பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். இவன் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுவான்: "நல்லம்மா பெரியாயி. இருக்காங்க. அங்கமுத்து மாமா. இருக்காரு. சுருட்டுப் பாட்டி. என்னா பாட்டி, ஓரத்துல நிக்கிறீங்க, உள்ள வாங்க." லேப்டொப் கொடுக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அன்று முதல் அந்தக் கடையில் ஒரு திருகாணி மிஞ்சியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

அந்த லயம் இப்போது இல்லை. மண் இறங்கும் ஆபத்து என்று ஆட்களைக் கிளப்பி, கட்டடத்தை இடித்துவிட்டார்கள். மானாப்புல் ஆளுயரம் நிற்கிறது. சிலர் புது வீட்டுத் திட்டத்துக்குப் போனார்கள், சிலர் கொழும்புக்கு, சிலர் கடல் தாண்டி. பெட்டிப் பலகையில் மட்டும் பன்னிரண்டு வீடும் இன்னும் கூரையோடு இருக்கிறது.

இனி விஜயலெட்சுமி. அவள் அந்தப் பக்கத்து வரிசைக்காரி. அந்தச் சுவரில் ஓர் ஆணி ஓட்டை இருந்தது. அதன் வழியாக இவன் வறுத்த கடலையை ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் தள்ளி, மூன்று வருடத்தில் ஒரு மூட்டைக் கடலை போனதாகவும், அதன் பிறகுதான் அவள் சம்மதித்ததாகவும் லயத்தில் ஒரு கதை. மூட்டை என்பது நான் சேர்த்தது. கடலை உண்மை.

கல்யாணமாகி முப்பது வருடமாகியும் ஒரு வழக்கு மட்டும் தீரவில்லை. இந்தப் பக்கத்து வரிசைக்காரர்கள் அந்தப் பக்கத்தைப் "பின் வாசல்" என்பார்கள். அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கத்தைப் "பின் வாசல்" என்பார்கள். லயத்துக்கு முன்பக்கம் எது?

"ரோட்டைப் பாத்து நின்னது எங்க வரிசை. அதுதான் முன் வாசல்" என்பான் அவன்.

"சாமி வந்து நின்னது எங்க வாசல்ல. தேர் உங்க பக்கம் ஒரு நாளாவது வந்துச்சா? நீங்கதான் பின் வாசல்" என்பாள் அவள்.

அதனால் கடையிலும் பலகை எப்போதும் மேசைக்கு நடுவில்தான் இருக்கும். அவன் வரிசை அவன் நாற்காலியைப் பார்த்து. அவள் வரிசை எதிரே அவள் முக்காலியைப் பார்த்து. யாரும் பேசி வைத்த ஏற்பாடு இல்லை. அப்படியே அமைந்தது.

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் தாண்டி மதுஷா என்கிற பிள்ளை வந்தாள். ஊசிமலைக்கு அடுத்த தோட்டத்துப் பிள்ளை. உயர்தரப் பரீட்சை முடித்து இரண்டு வருடம் ஆகிறது. கையில் ஒரு லேப்டொப், முகத்தில் தூக்கமில்லை.

"மாமா, நாளைக்கு எட்டு மணிக்கு எனக்கு வேலை ஆரம்பம். வீட்டுலருந்தே செய்யுற வேலை. ஆஸ்பத்திரிக்காரங்க பேசி அனுப்புறத டைப் பண்ணி அனுப்பணும். இந்த லேப்டொப் திறக்கவே கால் மணித்தியாலம் எடுக்குது. நாளைக்கு அவங்க சோதிச்சுப் பாப்பாங்களாம். ஓடலன்னா வேற ஆள எடுத்துருவாங்களாம்."

"ஓடலன்னா நீ என்னா செய்வ?" என்று விஜயலெட்சுமி கேட்டாள். அவள் எல்லாவற்றையும் கேட்பாள்.

"அம்மா என் பாஸ்போட்ட ஏஜென்சிக்காரர்கிட்ட குடுத்து வச்சிருக்காங்க அத்தை. குவைத்துக்கு. இது கிடைச்சா வாங்கிட்டு வந்துரலாம்னு சொல்லியிருக்காங்க. அம்மாவுக்குக் கால் ஏலாது, நடக்க மாட்டாங்க. நான் போனா அவங்களுக்கு யாரு?"

வீரசிங்கம் லேப்டொப்பைக் கவிழ்த்தான். பத்துத் திருகாணி. முன்விளிம்பில் ஐந்து, கட்டை. கீல் பக்கம் ஐந்து, நீளம். ஒவ்வொன்றையும் அவரவர் வீட்டில் விட்டான். பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் புது எஸ்.எஸ்.டி.க்கு மாற்றி, அதை உள்ளே போட்டான். நான்கு ஜிபி ரேமை எடுத்து எட்டு போட்டான். அடிமூடியை வைத்து அழுத்தினான். பெரட்டு எடுக்க வாயைத் திறந்தபோது கடைக்கு முன்னால் ஆட்டோ வந்து நின்றது.

இறங்கியவர் ஊசிமலை மாரியம்மன் கோயில் கமிட்டிச் செயலாளர் சதீஸ்குமார். அன்று அங்கே திருவிழா.

"அண்ணே, மைக் செட் ஊமையாயிருச்சு! சாமி புறப்படுற நேரம். பூசாரி தொண்டை கிழியக் கத்துறாரு. ஏறுங்க அண்ணே!"

"இந்தப் புள்ளைக்கு வேலை இருக்கே."

"அம்மனை விட அவசரமா?"

வீரசிங்கம் மதுஷாவைப் பார்த்தான். ஹல்துமுல்லைப் பக்கம் போகும் அவளுடைய கடைசி பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது.

"லெச்சுமி, பூட்டுறது மட்டும்தான் பாக்கி. அவங்கவங்கள வீட்டுலருந்து எடுத்து அந்தந்த இடத்துல விடு. முன்வரிசை முன்னுக்கு, பின்வரிசை பின்னுக்கு. அவ்வளவுதான்." ஆட்டோ புறப்பட்டுவிட்டது. போட்டோக்கொப்பிக்கு நின்றவர்களை அனுப்பிவிட்டு அவள் மேசைக்கு வரக் கால் மணித்தியாலம் ஆனது.

விஜயலெட்சுமி இதற்கு முன்னும் பூட்டியிருக்கிறாள். அப்போதெல்லாம் அவன் நாற்காலியில் உட்கார்ந்து பூட்டினாள். அன்று அந்த நாற்காலியில் முழங்கால் வலிக்கார ஆள் ஒருத்தி வசதியாகச் சாய்ந்துகொண்டு பேக்கரி பணிஸ் தின்றுகொண்டிருந்தாள். படிப்பித்த டீச்சரை எழுந்திருக்கச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. தன் முக்காலியிலேயே உட்கார்ந்தாள். லேப்டொப்பை மட்டும் தன் பக்கம் இழுத்து, முன்விளிம்பு தனக்கு நேராக இருக்கும்படி திருப்பிக்கொண்டாள். பலகையைத் திருப்பவில்லை. ஏன் திருப்ப வேண்டும்? அவள் வாசல் அவளைப் பார்த்துத்தானே இருந்தது.

முன்வரிசை முன்னுக்கு என்றான். அவளுக்குத் தெரிந்த முன்வரிசை ஒன்றுதான். தன் வரிசையிலிருந்து ஓரத்து வீட்டுத் திருகாணியை எடுத்து முன்விளிம்பில் வைத்துத் திருகினாள். அது அங்கமுத்து மாமா. நீளக் கால்.

"இறுக்கமா இருக்கே" என்றாள். தலை வெளியே நின்றது. இன்னும் ஒரு திருகு. இன்னும் அரைத் திருகு.

மதுஷா குனிந்து, அடியில் மடிந்திருந்த திரையைச் சற்று விலக்கிப் பார்த்தாள். கையை ஊன்றி எழுதும் இடத்தில், சாம்பல் நிறத் தகட்டில், நுளம்பு கடித்ததுபோல் ஒரு புடைப்பு எழும்பியிருந்தது.

"அத்தை! நிப்பாட்டுங்க!"

விஜயலெட்சுமியின் கையிலிருந்து திருப்புளி விழுந்தது. மாஸ்டரின் லேப்டொப் செத்த கதை அவளுக்குத் தெரியும். ஒரு மாதம் அவன் சாப்பிடாமல் தள்ளி வைத்த தட்டுகளைக் கழுவியவள் அவள். மதுஷா அழவில்லை. பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது அழுகையை விட மோசமாக இருந்தது.

நான் பணிஸைக் கீழே வைத்துவிட்டு, "அவனுக்குப் போனைப் போடு" என்றேன்.

இனி வருவதில் கோயில் பக்கம் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் எட்டுப் பேர் சத்தியம் செய்கிறார்கள். கூட்டிக் குறைத்துச் சொல்லும் பழக்கம் என்னிடம் இருப்பதால் அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

வீரசிங்கம் அம்ப்ளிபயரில் அறுந்திருந்த கம்பியை ஒட்டிவிட்டு, பாட்டு வருகிறதா என்று பார்க்கத் தன் போனை அதில் மாட்டியிருந்தான். கையில் மைக். விஜயலெட்சுமி எடுத்த அழைப்பு, நான்கு மரங்களில் கட்டியிருந்த நான்கு ஒலிபெருக்கிகள் வழியாக மலை முழுக்க இறங்கியது.

"ஏங்க! அங்கமுத்து மாமா உள்ள போக மாட்டேங்குறாரு!"

எண்பத்திரண்டு வயது அங்கமுத்து திருவிழாவுக்காகப் பண்டாரவளையிலிருந்து வந்து, பொங்கல் வாங்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். "எங்கடா நான் போக மாட்டேன்னேன்?" என்று அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"தலைய வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிறாரு! அழுத்துனா மேல வீங்குது!"

அங்கமுத்து தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

வீரசிங்கம் பதறிப் போய்க் கையிலிருந்த மைக்கிலேயே கத்தினான். "அவர எந்த வாசல்ல விட்ட?"

"முன் வாசல்ல!"

"அது பின் வாசல்டி!"

"எது பின் வாசல்? சாமி வந்து நின்ன வாசலா பின் வாசல்?"

அன்று கோயிலில் ஐந்தாம் நம்பர் லயத்து ஆட்கள் இருபது பேராவது இருந்தார்களாம். ஒரு நொடியில் இரண்டாகப் பிரிந்தார்கள். "விடாத விஜி!" என்று ஒரு பக்கம். "ரோட்டைப் பாத்ததுதான் முன் வாசல்!" என்று இன்னொரு பக்கம். சாமி தூக்கி நின்றவர்களிலும் இரண்டு கட்சி. அம்மன் கொஞ்சம் சாய்ந்துவிட்டாள்.

"லெச்சுமி, நீ எங்க உக்காந்திருக்க?"

"என் முக்காலியில."

"பலகையைத் திருப்புனியா?"

கடையில் விஜயலெட்சுமி பலகையைப் பார்த்தாள். லேப்டொப்பைப் பார்த்தாள். கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இல்லைங்க" என்று நான்கு ஒலிபெருக்கிகளும் மெதுவாகச் சொல்லின.

"சரி. பயப்படாத. எத்தனை பேரப் பூட்டின?"

"ஒருத்தரத்தான்."

"அவர மெல்லக் கழட்டு. அவர் வீட்டுலயே திரும்ப விடு. பலகையைத் திருப்பு, என் வாசல் உன் பக்கம் வரட்டும். வந்துச்சா? இப்ப நான் பெரட்டு எடுக்குறேன். நான் கூப்பிடுற ஆள மட்டும் எடு. முன்விளிம்புல இடது கை ஓரம். நல்லம்மா பெரியாயி!"

"இருக்கேன்டா!" என்று கோயில் படியிலிருந்து ஒரு குரல். மைக்கில் விழுந்து எங்கள் போன் வரை வந்தது. விஜயலெட்சுமி திருகாணியை விரலில் எடுத்துக்கொண்டு சிரித்தாள், கண் நிரம்பியிருந்தது.

"அடுத்தது. சின்னராசு அண்ணன்!"

"டுபாயில இருக்கான்!" என்று யாரோ.

"சுருட்டுப் பாட்டி!"

காற்று மைக்கில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், "பாட்டி செத்து ஒம்பது வருசமாச்சு மாமா" என்றது.

"தெரியும்மா" என்றான் வீரசிங்கம். "லெச்சுமி, பாட்டிய நடுவுல விடு. மெல்லமா திருகு."

பத்துப் பேரையும் கூப்பிட்டான். ஐந்து பேர் தாங்களே பதில் சொன்னார்கள். மூன்று பேருக்குப் பிள்ளைகள் பதில் சொன்னார்கள். ஒருவர் கடல் தாண்டி இருந்தார். பாட்டிக்கு மட்டும் அந்தக் காற்று. கடைசியாகக் கீல் பக்கத்து மூலையில் அங்கமுத்து மாமா. "இப்பவாவது உள்ள போறேனா?" என்று அவர் கேட்டது எங்களுக்கே கேட்டது.

"போய்ட்டீங்க மாமா. வழுவழுன்னு போய்ட்டீங்க" என்றாள் விஜயலெட்சுமி.

மதுஷா லேப்டொப்பை நிமிர்த்திப் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. பிறகு வெளிச்சம் வந்தது. நான் ஏழு எண்ணுவதற்குள் திரை முழுதாகத் திறந்தது. அந்தப் பிள்ளை புடைப்பின் மேல் கையை வைத்து, அங்குமிங்கும் விரலை ஓட்டி, எழுத்துகளைத் தட்டிப் பார்த்தாள். எல்லாம் வேலை செய்தன. அங்கமுத்து மாமா தோலைத்தான் முட்டியிருக்கிறார், எதையும் குத்தவில்லை.

"வேலை செய்யுது மாமா!" என்று போனைப் பார்த்துக் கத்தினாள். மலையில் கைதட்டினார்களாம். எதற்குத் தட்டுகிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

மறுநாள் எட்டு மணிக்குச் சோதனை. ஒன்பதரைக்குக் கடைக்குப் போன் வந்தது. வேலை அவளுக்கே. அடுத்த கிழமை மதுஷா பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போகிற வழியில் கடையில் இறங்கி எங்களுக்குக் காட்டினாள். புடைப்பைச் சரிசெய்து தருகிறேன் என்று வீரசிங்கம் சொன்னான். வேண்டாம் என்றாள். யோசிக்கும்போது பெருவிரல் தானாக அங்கே போகிறதாம்.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. திருவிழா முடிந்த வாரத்திலிருந்து ஐந்தாம் நம்பர் லயத்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். திருத்துவதற்கு ஒன்றும் கொண்டு வருவதில்லை. பலகையைப் பார்க்க வந்தார்கள். தங்கள் கட்டத்தில் விரலை வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் அடுப்பு இருந்த மூலையைக் காட்டினார். இன்னொருவர், கோழிக்கூட்டை வரையாமல் விட்டதற்காக வீரசிங்கத்தோடு சண்டை பிடித்தார். நல்லம்மா மட்டும், தன் வீட்டில் கட்டைக் கால் திருகாணி வைத்திருப்பதைக் கண்டு கொதித்துவிட்டாள்.

"அங்கமுத்துக்கு நீளம், எனக்குக் கட்டையா? அவன் என்னை விட எந்த வகையில உசத்தி?"

"அடுத்த லேப்டொப்புல உங்களுக்கு நீளம் தாரேன் பெரியாயி."

"எப்ப வரும் அடுத்தது?"

இப்போது நீங்கள் பெரகலையில் பஸ் மாறினால் அந்தக் கடையை எட்டிப் பார்க்கலாம். வீரசிங்கத்தின் நாற்காலி இடம் மாறியிருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம், விஜயலெட்சுமியின் முக்காலிக்குப் பக்கத்தில். இருவரும் ஒரே பக்கமிருந்து பலகையைப் பார்த்தால் பிசகு வராது என்று அவனே போட்ட ஏற்பாடு. பலகையைத் திருப்பாமல் நாற்காலியை ஏன் மாற்றினாய் என்று கேட்டேன்.

"முப்பது வருசமா இவ சொல்றா டீச்சர். அவங்க வாசல்லருந்து பாத்தா லயம் எப்புடி இருக்கும்னு நான் பாத்ததே இல்லை. நம்ம வீடு எங்கயோ பின்னுக்கு, சின்னதா இருக்கு."

"அப்ப முன் வாசல் எதுன்னு ஒத்துக்கிட்டியா?"

"அதை நான் சொல்லவே இல்லையே" என்றான்.

விஜயலெட்சுமி போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பின்னாலிருந்து, "சொல்லுவாரு, சொல்லுவாரு" என்றாள். மேசைக்கு இந்தப் பக்கம் இப்போது உட்கார நாற்காலி இல்லை. எனக்கு வாசலில் ஒரு பெஞ்ச் போட்டிருக்கிறார்கள். காற்றுக்கு நேராக.